செங்கோணமும் செங்கோலும்



சிங்கப்பூரின் மருத்துவமனைகளிலும் பல் மருந்தகங்களிலும் ‘ஆர்த்தோ’ எனத் தொடங்கும் பெயர்களைக் காண்கிறோம். ‘ஆர்த்தோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நேரானது, சரியானது என இரு பொருள்கள் உண்டு. 1741ஆம் ஆண்டில் நிக்கோலா ஆந்திரி என்னும் பிரெஞ்சு மருத்துவர், குழந்தையைக் குறிக்கும் சொல்லை அதனோடு சேர்த்து ‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என்னும் பெயரைப் படைத்தார். குழந்தைகளின் உடற்கோணலை நேராக்கும் கலை என்பது அவர் கருத்து. தமிழ்நாட்டில் அத்துறைக்கு ‘முடநீக்கியல்’ என்னும் பெயர் வழங்குகிறது. கிரேக்கப் பெயர் அடைய வேண்டிய நிலையைச் சொல்கிறது. தமிழ்ப் பெயர் நீக்க வேண்டிய குறையைச் சொல்கிறது. நோயாளியின் செவிக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

‘ஆர்த்தோ’வுக்கு நிகரான வேர் தமிழில் உண்டு, அது ‘செம்மை’. செங்கோணம், செங்குத்து ஆகியவற்றில் அது நேரைக் குறிக்கிறது. செங்கோலில் முறை தவறாமையைக் குறிக்கிறது. அதன் எதிர்ச்சொல்லாகிய கொடுங்கோலில் உள்ள ‘கொடுமை’க்கு வளைவு என்னும் பொருளும் உண்டு.

கணிதத்தை ஆங்கிலத்தில் கற்கும் நம் மாணவர்கள் செங்கோலைத் தமிழ் வகுப்பில் அறிகிறார்கள். செங்கோணத்தை அங்கே காண்பது அரிது. ஆசிரியர்கள் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். வேரை அறிந்த மாணவரே, நாளை நோயாளியின் மனம் நோகாத கலைச்சொல்லை ஆக்குவார்.