நகமும் நகையும்



தாயகத்தை விட்டு வந்து தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பழைய பெட்டி ஒன்று இருக்கும். பாட்டியாரின் பட்டுச் சேலை, குழந்தைக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை, மங்கிப்போன நிழற்படங்கள் ஆகியவற்றுக்கு அடியில், பொன் கட்டிய புலிநகம் ஒன்றும் அதில் கிடக்கக்கூடும். அந்தப் புலிநகத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

புலியின் பல்லையும் நகத்தையும் அணிகலனாக்கும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையது. புலிப்பல்லால் ஆன தாலியைப் பற்றிய குறிப்பு அகநானூற்றிலேயே உண்டு. வேங்கையின் வீரம் தம் மகவுக்கு வாய்க்கவேண்டும், அச்சமும் கண்ணேறும் அதனை அணுகலாகாது என்பது அன்னையரின் விருப்பம். அதில் அன்பு உண்டேயன்றிக் கொடுமை இல்லை. ஆயினும் ஒரு கணக்கை நாம் மறத்தலாகாது. புலியின் முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக ஒரு புலிக்கு நகங்கள் 18. இரண்டு நகங்களை எதிரெதிராக வைத்துப் பதக்கம் செய்தால், ஒன்பது குழந்தைகளுக்கு அணிவிப்பதற்குள் காட்டில் ஒரு புலி குறைந்துவிடும்.

அக்குறைவு எத்தகையது என்பதை நாடு பின்னர் உணர்ந்தது. 2006-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நாடு முழுவதிலும் 1,411 புலிகளே உள்ளன என மதிப்பிட்டது. பாதுகாப்பின் பயனாக 2022-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அத்தொகை 3,682 ஆக உயர்ந்தது. ஆனால் நகத்திற்கும் தோலுக்கும் விலை கொடுப்பார் உள்ளவரையில், காட்டில் கண்ணி வைப்பாரும் இருப்பர் அன்றோ?

அங்ஙனமாயின், முன்னோர் அணிந்த அணியைத் துறப்பதுதான் வழியா? வழக்கத்தையும் காத்து உயிரையும் காத்த ஒரு மக்களைப் பற்றிச் சொல்லலாம். அருணாசலப் பிரதேசத்தில் வாழும் நிஷி இன ஆடவர், பிரம்பால் பின்னிய தொப்பியின்மேல் பெரிய இருவாச்சிப் பறவையின் அலகைப் பொருத்தி அணிவர். அது அவர்களுக்கு வெறும் அழகுப் பொருளன்று, இனத்தின் அடையாளம். இருவாச்சி நமக்கும் அயலன்று. ஆனைமலைக் காடுகளில் அதன் சிறகொலியைக் கேட்டோர் மறவார். பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, ஒரு சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் பறவை அப்பிளவின் வழியே பழங்களைக் கொணர்ந்து ஊட்டும். அந்த ஆண் பறவை வேட்டைக்கு இரையானால், உள்ளிருக்கும் தாயும் சேயும் பட்டினியால் மடிய நேரும். ஓர் அலகின் விலை ஒரு குடும்பம்!

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கண்ணாடி இழையால் வார்த்த செயற்கை அலகுகள் அவர்களிடையே பரவலாயின. வடிவமும் வண்ணமும் இயற்கை அலகினை ஒத்திருந்தமையால், தொப்பியின் பெருமை குன்றவில்லை. பாக்கே புலிகள் காப்பகத்தை அடுத்த சிற்றூர்களில், ஒருகாலத்தில் வேட்டையாடிய சிலரே இன்று இருவாச்சியின் கூடுகளுக்குக் காவலராய் விளங்குகின்றனர்.

நம் இல்லத்தில் நிகழ்ந்ததையும் கூறிவிடுகிறோம். 2023-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் புலிநகப் பதக்கம் அணிந்தோர்மீது எழுந்த வழக்குகளைச் செய்தித்தாளில் படித்தபோதுதான் எங்கள் பெட்டியும் நினைவுக்கு வந்தது. பேரனின் பெயர்சூட்டு விழா அண்மையில் இருந்தது. “உன் தகப்பன் அணிந்தது, பாட்டன் அணிந்தது, இவனுக்கு மட்டும் இல்லையா?” என்று வீட்டுப் பெரியம்மா கண் கலங்கினார். அவருக்கு மறுமொழி கூறுவது எளிதாக இல்லை.

சட்டம் அறிந்த நண்பரிடம் கேட்டோம். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி முதல் அட்டவணையில் உள்ளது. பழம்பொருள்களை அறிவித்து உரிமைச் சான்று பெற, 2003-இல் 180 நாள் தவணை அளிக்கப்பட்டது. சான்று பெற்றோரும் அவற்றை விற்றல் ஆகாது. குற்றத்திற்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. எங்களிடம் சான்று இல்லை. ஆகவே எழுத்து மூலம் வனத்துறையிடம் நகத்தை ஒப்படைத்தோம்.

அதற்கு முன்னரே, கரோல்பாக்கில் பட்டறை வைத்திருக்கும் வங்காளப் பொற்கொல்லர் ஒருவரிடம் பெரியம்மாவின் பழைய நிழற்படத்தைக் காட்டியிருந்தோம். அவர் வெள்ளித் தகட்டை இரு பாதிகளாகத் தட்டி வளைத்து, பற்றவைத்து, அரத்தால் இழைத்து, பிறைபோல் வளைந்த நகம் ஒன்றை ஆக்கினார்; அடிப்பகுதியில் பொன் பூண் கட்டி, அதில் சிறு புலிமுகம் ஒன்றையும் செதுக்கினார். பெரியம்மா அதனை நெடுநேரம் கையில் வைத்துத் தடவிப் பார்த்தார். “நகம் வேறானாலும் பூண் நம்முடையதுதான்” என்று கூறி, தம் கையாலேயே பேரனின் கழுத்தில் அணிவித்தார்.

அயலூரில் வாழும் நமக்குப் பழம்பொருள்கள்மீது பற்று மிகுதி. ஊரின் மணம் அவற்றில்தான் ஒட்டியிருக்கிறது என எண்ணுகிறோம். அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும் நம் முன்னோர் போற்றியது இறந்த விலங்கின் நகத்தையா, வாழும் வேங்கையின் வீரத்தையா என்று சற்றே சிந்தித்தல் வேண்டும். வீரமே எனில், அதற்குப் பொன்னும் வெள்ளியும், தேர்ந்த கொல்லனின் கைத்திறனும் போதும். கடையில் “அசல் நகம்” என்று எவரேனும் மறைவாகக் காட்டினால் மறுத்து எழுவோமாக. வீட்டுப் பெட்டியில் ஒன்று கிடந்தால், தகுந்தாரைக் கலந்து ஆவன செய்வோமாக.

நம் பேரன் வளர்ந்து, “இந்தப் புலி எங்கே இருக்கிறது?” என்று கேட்கும் நாள் வரும். அன்று பெட்டியைக் காட்டாமல் காட்டைக் காட்ட நம்மால் இயலவேண்டும்.