மண்ணுக்குக் குலம் ஏது?

(பட்டிமன்றத் தலைப்பு: மண்ணை வனையும் கலை சிறப்பது வீட்டு முற்றத்திலா, கல்லூரிக் கூடத்திலா? 'கல்லூரிக் கூடத்திலே' என்ற அணியில் நிகழ்த்திய உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ரொம்ப உருக்கமாகப் பேசினார். "மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்கணுமா? குயவர் வீட்டுப் பிள்ளைக்கு மண் வேலை ரத்தத்திலேயே இருக்குது. அதுக்கு எதுக்கு ஐயா கல்லூரி?" என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பேச்சு அழகாக இருந்தது, தட்டினேன். நியாயமாக இருந்ததா என்று இப்போது பார்ப்போம். (சிரிப்பு)

மீன் குஞ்சு நீந்துகிறது, சரி. ஆனால் எந்த மீனாவது தன் குஞ்சைக் கூப்பிட்டு, "கண்ணு, நீ நீந்தத்தான் போறியா, இல்லை வேற ஏதாவது பண்றியா?" என்று கேட்டதுண்டா? மனுஷன் கேட்பான். கேட்கணும். நம்முடைய வழக்கே அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

நடுவர் அவர்களே! குடும்ப வழியில் வந்த அந்தக் கைகளை நான் கும்பிடுகிறேன். ஊர்ப்பக்கம் பானை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தில் வாயையும் கழுத்தையும் வனைந்து, அறுத்து எடுப்பார்கள். கொஞ்சம் காய்ந்ததும், உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி, அடிப்பாகத்தை உருண்டையாகக் கொண்டு வருவார்கள். அந்தத் தட்டு ஒரு இழை கூடினால் கிழியும், குறைந்தால் தடிக்கும். நாலு வருஷம் படித்த பட்டதாரியை அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்தால், பட்டதாரி தோற்றுத்தான் போவான். ஒத்துக்கொள்கிறேன். எதிரணிக்கு ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் பொறுங்க!

கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. ஒரே பானையில் இரண்டு நிறம் எப்படி வந்தது? பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள், உள்ளே காற்று போகாத இடம் கருத்தது, வெளியே காற்றுப் பட்ட இடம் சிவந்தது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் பாட்டன் நெருப்பையும் காற்றையும் வைத்துக்கொண்டு வர்ணம் தீட்டியிருக்கிறான்! (கைதட்டல்) கை தட்டுங்கள், தகும். ஆனால் ஒன்று கேட்கிறேன். என்ன விறகு? எப்படி அடுக்கினான்? எத்தனை நாழிகை? அவன் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. உடைந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஊகிக்கிறோம். கை போனதும் கலையும் கூடவே போய்விட்டது.

கல்லூரி இந்த இடத்தில்தான் வருகிறது. அங்கே முதல் பாடம் என்ன தெரியுமா? மண் பிசைவது! பையன் ஆசையாகப் போனால், "தம்பி, பிசை" என்பார்கள். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் சக்கரத்தில் ஏற்றும்போது சுவர் நேராக வராது. மாவு பிசைகிற நம் தாய்மார்களுக்கு இது புரியும். அடுத்து, அளவு. மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும். பத்து சென்டிமீட்டர் குவளை வேண்டுமென்றால் பதினொன்றுக்கு மேல் வனையணும். எத்தனை சுருங்கும் என்பது ஒவ்வொரு மண்ணுக்கும் வேறு. அதைச் செய்து, அளந்து, நோட்டில் எழுதணும்.

அடுத்து நெருப்பு. 573 டிகிரி சென்டிகிரேடு வந்ததும் மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் மணல் திடீரென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் 'டங்'கென்று ஒரு சத்தம், மூன்று வார உழைப்பு இரண்டு துண்டு! ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும் என்று பாட்டி சொன்னாள். எந்த டிகிரியில் பொறுக்கணும் என்று கல்லூரி சொல்கிறது. (கைதட்டல்)

சூட்டை எப்படிப் பார்ப்பது? பெரியவர் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் கண்ணை நீங்களும் நானும் கடன் வாங்க முடியுமா? பெர்லினில் ஹெர்மன் சேகர் என்ற வேதியியல் அறிஞர் 1886-இல் ஒரு வழி கண்டார். மண்ணாலேயே விரல் நீளத்துக்குக் கூம்பு செய்து சூளைக்குள் நிறுத்தினார். குறிப்பிட்ட சூடு வந்ததும் அது தலை குனியும். நம் வீட்டுக் கணவன்மார்கள் மாதிரி! எந்தச் சூட்டில் வளைவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். (பலத்த சிரிப்பு) ஒருவர் கண்ணுக்குள் இருந்த ரகசியத்தை ஊருக்கெல்லாம் பொதுவாக்கியது அந்தக் கூம்பு.

எதிரணி அம்மா ஒரு போடு போட்டார்கள். "இங்கிலாந்தின் புகழ்பெற்ற வெட்ஜ்வுட் எந்தக் கல்லூரியில் படித்தார்?" அம்மா, நல்ல கேள்வி. ஜோசையா வெட்ஜ்வுட் குயவர் குடும்பத்தில் பிறந்தவர்தான். சின்ன வயதில் அம்மை வந்து முழங்கால் கெட்டது. காலால் சக்கரத்தை மிதிக்க முடியவில்லை. 1768-இல் அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் இருந்த தொழில் காலோடு போயிருக்கணும் இல்லையா? போகவில்லையே! ஆயிரக்கணக்கில் சோதனை செய்தார், தோற்றதையும் நோட்டில் எழுதினார். சூளையின் கடும் சூட்டை அளக்கக் கருவி செய்தார். 1783-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அவருக்குக் கல்லூரி கிடைக்கவில்லை. அதனால் தன் பட்டறையையே கல்லூரியாக மாற்றிக்கொண்டார். அம்மா எங்கள் அணிக்குச் சாட்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், நன்றி! (சிரிப்பு, கைதட்டல்)

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. ஊறுகாய் ஜாடியின் மேல் பளபளப்பு இருக்கிறதே, அது கண்ணாடி மாதிரி உருகிப் படிந்த பூச்சு. 'கிளேஸ்' என்பார்கள். குறைந்த சூட்டிலேயே பளபளப்பு வரவேண்டும் என்று ஈயம் கலந்து பூசுவது உலகமெங்கும் பழைய வழக்கம். சரியாகச் சேராத ஈயம் எலுமிச்சையிலும் புளியிலும் கரைந்து இறங்கும். ஈயம் பிள்ளைகளின் மூளையைத் தாக்கும். பார்த்தால் தெரியாது, ருசியிலும் தெரியாது. எந்தப் பூச்சு சோற்றுக்கு ஆகும், எது அலங்காரத்துக்கு மட்டும் என்று கற்றுக் கொடுப்பது படிப்பு. இன்னொன்று, மண் வேலை செய்கிற இடத்தில் துடைப்பம் போடக்கூடாது, ஈரத்துணியால் துடைக்கணும். காய்ந்த மண்தூசி வருஷக்கணக்கில் நெஞ்சில் படிந்தால் நுரையீரல் கெடும். 'தாத்தா இருமிக்கிட்டே இருப்பார்' என்று பெருமை பேசினோம், ஏன் இருமினார் என்று கேட்டோமா? (அரங்கில் அமைதி)

இந்தப் படிப்பு நேற்று வந்ததும் இல்லை. சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைக்கு எழும்பூர்ப் பக்கம் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பத்தோடு மண்ணைச் சுட்டுக் கலை செய்யவும் அங்கே தனித்துறை உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டினால் அதன் மேலே வெள்ளைக் களிமண் கிடக்கிறது. பக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசு நிறுவனமும் வந்தது. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான் மணியும், குளியலறைத் தொட்டியும், தரை ஓடும் இந்தப் படிப்பின் பிள்ளைகள்தான்.

புதுச்சேரிக்கு வாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இருவர் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறை தொடங்கினார்கள். இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து அங்கே கற்றார்கள். மீக்கர் பானையோடு நிற்கவில்லை. பச்சை மண்ணால் வீட்டையே கட்டி, அதற்குள்ளேயே நெருப்பு வைத்து, வீட்டையே சுட்டு எடுத்தார்! நம் ஊரில் வீடு கட்டினவன் கடனால் வேகிறான், அங்கே வீடே வெந்தது. (சிரிப்பு) அவருடைய பாட்டன் குயவரா என்று யாராவது கேட்டார்களா?

நடுவர் அவர்களே, நிறைவாக வழக்கின் கருவுக்கு வருகிறேன். 1953-இல் இந்த மாநிலத்தில் ஒரு திட்டம் வந்தது. பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று சொல்லி நாடே கொதித்தது. 1954-இல் திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் ஏன் எதிர்த்தார்கள்? தொழில் கேவலம் என்றா? இல்லை ஐயா. பிறப்பைக் காட்டிப் பிள்ளையைக் கட்டாதே என்று எதிர்த்தார்கள். எதிரணித் தம்பி சொன்ன 'ரத்தத்திலேயே இருக்கு' என்கிற வார்த்தை இருக்கிறதே, கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பூட்டு இருக்கும்! (நீண்ட கைதட்டல்)

கல்லூரி என்பது இரண்டு பக்கமும் திறக்கிற கதவு. குயவர் வீட்டுப் பெண் அந்தக் கதவு வழியாக வெளியே போய் டாக்டராகலாம். வக்கீல் வீட்டுப் பையன் அதே கதவு வழியாக உள்ளே வந்து மண்ணில் கை வைக்கலாம். குயவர் வீட்டுப் பிள்ளையே விரும்பி வந்தால், தாத்தாவின் கையும் வாத்தியாரின் கணக்கும் சேர்ந்து அவனை யாரும் தொட முடியாது!

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்களே, உங்கள் பிள்ளை நாளைக்கு வந்து, "அப்பா, நான் செராமிக் படிக்கப் போறேன்" என்றால், "மண்ணைப் பிசையவா பீஸ் கட்டணும்?" என்று கத்தாதீர்கள். நீங்கள் காலையில் குடித்த காப்பிக் கோப்பையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசுங்கள். வேலை கிடைக்குமா என்று விசாரியுங்கள், தப்பில்லை. 'நம்ம குலத்துக்கு ஆகுமா' என்று மட்டும் விசாரிக்காதீர்கள்.

மண் யார் கை என்று பார்ப்பதில்லை. பிசைந்தாயா, பொறுத்தாயா என்றுதான் பார்க்கிறது. மண்ணுக்கே இல்லாத குலத்தை மனிதனுக்கு மாட்டாதீர்கள். மண்ணை வனையும் கலை சிறப்பது கல்லூரிக் கூடத்திலே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.