காப்புத் தாழும் இறக்கு நெம்பும்



எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் என்னிடம், "ஐயா, கைத்துப்பாக்கியின் பக்கத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கின்றதே; அதைக் கீழே தள்ளினால் சுடுமா, சுடாதா?" என்று வினவினான். கலைப் பட்டதாரியாகிய நான் உடனே விடை கூற இயலாது நூல்களைப் புரட்ட நேர்ந்தது. வினா எளிதன்று என்பது அப்போதுதான் புலனாயிற்று. அந்நெம்பு துப்பாக்கிக்குத் துப்பாக்கி வெவ்வேறு தொழில் புரிகின்றது.

பழைய அமைப்பில் விசையானது உயர்ந்து நிற்கும் சுத்தியலை விடுவிக்க மட்டுமே செய்யும். இரட்டைச் செயல் துப்பாக்கியிலோ, விசையை வலுவோடு நெடுக இழுத்தால் அதுவே சுத்தியலை உயர்த்தி விழவும் செய்யும். ஆனால் முதல் வெடி தீர்ந்ததும், பின்னோக்கி ஓடும் மேலுறை சுத்தியலை உயர்த்தி வைத்துவிடுகின்றது. அடுத்த வெடிக்கு விரலின் மெல்லசைவு போதும். ஆபத்து இங்கேதான் பிறக்கின்றது. சுடுதல் முடிந்தபின், உள்ளே தோட்டா இருக்க, உயர்ந்து நிற்கும் சுத்தியலை என் செய்வது? பெருவிரலாற் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி மெல்ல இறக்கலாம். வியர்த்த விரல் வழுவினாலோ, வெடி தீர்ந்துவிடும்.

ஜேர்மனியின் வால்தர் நிறுவனம் 1929 இல் வெளியிட்ட பி.பி. துப்பாக்கி இதற்கு ஒரு வழி கண்டது. மேலுறையிலுள்ள நெம்பைக் கீழே தள்ளினால், முதலில் தோட்டாவைக் குத்தும் ஊசி தடைப்படும். பின்பு சுத்தியல் தீங்கின்றி விழும். நெம்பு அங்கேயே நின்று காப்புத் தாழாகவும் பயன்படும். ஒரே நெம்புக்கு இரண்டு வேலை! சிக்கனந்தான், ஆயினும் சிக்கலும் அதிலேயே உண்டு.

ஐக்கிய அமெரிக்கப் படை 1911 ஆம் ஆண்டு முதல் கைக்கொண்ட கோல்ட் துப்பாக்கியில், கீழ்ச்சட்டத்திலுள்ள தாழைக் கீழே அழுத்தினால் சுடலாம். அதற்குப் பதிலாக 1985 இல் தெரிந்தெடுக்கப்பட்ட இத்தாலியப் பெரெட்டாவிலோ, நெம்பு வால்தர் முறைப்படி மேலுறையில் அமைந்தது. மேலே தள்ளினாற்றான் சுடும். பல்லாண்டு பழகிய கை திசைமாறிக் கற்க வேண்டியதாயிற்று. அன்றியும், மேலுறையைப் பற்றி இழுக்கும்போது விரல் பட்டு நெம்பு தாழ்ந்துவிடுவதும் உண்டு. அந்நிலையில் விசையை இழுப்பவனுக்கு வெடி கிடையாது. காரணமும் சட்டென்று தோன்றாது.

1975 இல் தோன்றிய இரண்டு துப்பாக்கிகள் எதிரெதிர் வழியிற் சென்றன. செக்கோஸ்லொவாக்கியாவின் சி.இசட். 75 இல் காப்புத் தாழ் உண்டு, இறக்கு நெம்பு இல்லை. சுத்தியலை உயர்த்தியபடியே பூட்டி வைக்கலாம். இறக்குவதாயின் பெருவிரலே துணை. சுவிற்சர்லாந்தின் சிக் பி. 220 இலோ இறக்கு நெம்பு மட்டுமே உண்டு. அழுத்தினாற் சுத்தியல் இறங்கும். விட்டால் நெம்பு தானே மீளும். விசை முற்றாக இழுபடும்வரை உள்ளேயுள்ள தடை ஊசியை நகரவிடாது. பூட்டினோமா, திறந்தோமா என்ற ஐயத்துக்கே இடமில்லை.

எனக்கு இப்பிந்திய முறையே பிடித்திருக்கின்றது. ஒன்றே செய்து தன்னிடம் மீளும் நெம்பை அஞ்சிய மனிதனும் மறந்து கெடுத்தல் அரிது. பெரெட்டா நிறுவனமே பிரெஞ்சுக் காவற் படையினருக்கு அவ்வாறு மீளும் நெம்பு கொண்ட வகையைச் செய்து கொடுத்தது. எனினும், பறித்தவன் கையிலும் அது உடனே சுடும் என்பார் கூற்றைத் தள்ளிவிட முடியாது. எந்த நெம்பானாலும், அதை அழுத்துகையிற் குழல் ஆளில்லாத் திசையையே நோக்க வேண்டும். விழுவது மெய்யான சுத்தியல் அல்லவா?

2017 இல் அமெரிக்கப் படை பெரெட்டாவையும் மாற்றத் தொடங்கிற்று. புதிய துப்பாக்கியில் வெளிச் சுத்தியலே இல்லை. ஆகவே இறக்கு நெம்பும் இல்லை. காப்புத் தாழ் மட்டும் கீழ்ச்சட்டத்துக்கு மீண்டது. கீழே அழுத்தினாற் சுடும், 1911 இற் போலவே.