உதைத்தால்தான் கிளம்புமா?

நெடுந்தூரப் பயணத்துக்குப் பழைய புல்லட்தான் ஏற்றது என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். அவர் பேச்சே புல்லட் மாதிரிதான் இருந்துச்சு. சத்தம் பெருசு, வேகம் கம்மி! (சிரிப்பு)

புல்லட்டின் பெருமையை நான் மறுக்கவில்லை ஐயா. 1952-இல் நம் ராணுவம் எல்லைக்காவலுக்கென்று வண்டி கேட்டது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. பிறந்த வீடான இங்கிலாந்தில் கொஞ்ச காலத்தில் அடுப்பே அணைந்துபோச்சு. புகுந்த வீட்டில் நல்லா வாழ்ந்த பொண்ணு, 1977-இல் பிறந்த வீட்டுக்கே ஏற்றுமதியாகிப் போனாள்! (கைதட்டல்)

ஆனால் அவளைக் கிளப்புவது லேசுப்பட்ட காரியமா? டிகம்ப்ரஷர் லீவரை அமுக்கணும், ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்க்கணும், அப்புறம் உதைக்கணும். கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேற வண்டி ஓட்டிப் பழகினவன் பிரேக்கென்று நினைத்துக் கியரை மிதிப்பான்!

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுகிறோம். மேலே போகப் போகக் காற்று மெலியும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதே அளவு பெட்ரோலை ஊற்றும், இன்ஜின் திணறும். 2016-இல் வந்த ஹிமாலயனுக்கு அடுத்த வருஷமே இன்ஜெக்‌ஷன் வந்தது. காற்றை அளந்து பெட்ரோல் விடும் சாதனம் அது. 2018-இல் இரட்டை சிலிண்டர் இன்டர்செப்டர் 650. 2023-இன் ஹிமாலயன் 450-க்குத் தண்ணீர்க் குளிர்ச்சி, 6 கியர்.

இறக்கத்துக்கு வாங்க. திண்டுக்கல்காரங்களுக்குப் பூட்டு என்றாலே பெருமைதான். ஆனால் மழையில், கொண்டை ஊசி வளைவில் சக்கரம் பூட்டிக்கிட்டா? (சிரிப்பு) பூட்டாமல் காப்பதுதான் ஏபிஎஸ். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம். சிரிக்கிற விஷயமில்லை அம்மா, வீட்டுக்குத் திரும்பி வருகிற விஷயம்.

இன்னொன்று. கிக்கரை உதைக்க வராது என்று சொல்லியே எத்தனை பெண்களைப் பின் சீட்டில் உட்கார வைத்தோம்! கணவன் முதுகைத் தவிர வேறென்ன தெரிந்தது அவர்களுக்கு? இன்று ஒரு பொத்தானை அமுக்கினால் லடாக் வரைக்கும் தனியாகவே போய் வருகிறார்கள். எங்கள் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், ‘பின் சீட்டில் உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றுது சார்’ என்கிறார்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. நாளைக்கு உங்கள் மகள், ‘அப்பா, தோழியோடு கொடைக்கானல் போகணும்’ என்று வந்து நின்றால், எந்தச் சாவியை எடுத்துக் கொடுப்பீர்கள் எதிரணித் தலைவரே?