காற்றை அளக்கும் மரக்கால் யார் கையில்?

(தொழிற்சங்க வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் வாசகம்)



களத்துமேட்டில் நெல் அளந்து கூலி வாங்கிய விவசாயத் தொழிலாளிக்கு ஒரு உண்மை தெரியும். மரக்கால் யார் கையில் இருக்கிறதோ, அவன் சொல்வதே கணக்கு. அதனால்தான் தஞ்சைச் சீமையில் கூலி உயர்வோடு முத்திரை மரக்காலுக்காகவும் செங்கொடியின் கீழ் போராட வேண்டியிருந்தது. இன்று நான் நெல்லைப் பற்றிப் பேச வரவில்லை. நாம் இழுக்கும் மூச்சில் கலந்த பாதரசத்தையும், அதை அளப்பதையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பாதரசம் கொதித்தால்தான் ஆவியாகும் என்று நினைக்காதீர்கள். கீழே சிந்திக் கிடந்தாலே போதும், ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. பஞ்சாலைத் தூசியாவது கண்ணை உறுத்தும், இருமலைக் கிளப்பும். இது சத்தமில்லாமல் உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கை நடுங்கும், ஞாபகம் தவறும்.

கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது? பாதரசம் தங்கத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது பொற்கொல்லர் அனைவருக்கும் தெரிந்த சங்கதி. விஞ்ஞானிகள் அதையே கருவியாக்கினார்கள். காற்றை உறிஞ்சித் தங்கத்தின் மீது செலுத்துகிறார்கள். பாதரசம் அதில் தங்குகிறது. பிறகு தங்கத்தைச் சூடாக்கி, வெளிவரும் ஆவியின் மீது புறஊதா ஒளியைப் பாய்ச்சி அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நானோகிராம். அந்த நுணுக்கம் வரை அளக்க முடிகிறது.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள பெட்டி நிறையக் காற்று. அதுதான் ஒரு கன மீட்டர். அயர்லாந்துக் கடற்கரையிலுள்ள மேஸ் ஹெட் நிலையத்தில் இதில் சுமார் ஒன்றரை நானோகிராம் பாதரசம் அளக்கப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடியிலுள்ள கேப் பாயிண்டில் சுமார் ஒன்று. நெரிசலான நகரங்களில் இதைவிடச் சில மடங்கு கூடும். கொலம்பியா நாட்டில் அந்தியோக்கியா மாகாணத்தில், பாதரசம் கலந்து தங்கம் எடுக்கும் ஊர்களில் 2010-ஆம் ஆண்டில் அளந்தார்கள். குடியிருப்புத் தெருக்களில் 10,000 நானோகிராம் சர்வசாதாரணம். தங்கம் சுடும் கடைகளுக்குள் 10 லட்சம் வரை! பணக்காரன் கழுத்துக்குத் தங்கம், ஏழையின் மூச்சுக்குப் பாதரசம்.

நம் கோடைக்கானலுக்கு வருவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையை 1983 வாக்கில் பாண்ட்ஸ் கம்பெனி இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், ஊருக்குள் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவைக் கண்டுபிடித்து ஜனங்கள் திரண்டார்கள். ஆலை மூடப்பட்டது.

ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் கல்பாசி இனத்தையும் பாசியையும் சாட்சிக்கு அழைத்தார்கள். அவை காற்றிலிருந்தே உணவெடுப்பவை. காற்றில் உள்ளதைத் தம்முள் சேர்த்து வைத்துக்கொள்ளும். அவர்களது ஆய்வு 2003-இல் வெளிவந்தது. ஆலையைச் சுற்றிய காற்றில் கன மீட்டருக்கு 1,320 நானோகிராம் என்றது. அதே ஆண்டில் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது.

கழிவு திரும்பிப் போயிற்று. தொழிலாளி உள்ளே இழுத்த மூச்சு திரும்புமா? எங்கள் நோய்க்கு ஆலைதான் காரணம் என்றார்கள் தொழிலாளர்கள். இல்லை என்று மறுத்தது நிர்வாகம். 591 முன்னாள் தொழிலாளர்களும் குடும்பங்களும் சம்பந்தப்பட்ட உடன்பாடு 2016 மார்ச்சில்தான் கையெழுத்தானது. ஆலை மூடிப் பதினைந்து வருஷம்! அளவுக் குறிப்பு தொழிலாளியின் கையில் இல்லாவிட்டால், அவன் இருமலும் நடுக்கமும்கூட வழக்கில் வெறும் வாய்ச்சொல்லாகிவிடும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2000-இல் வெளிக்காற்றுக்கு வகுத்த வழிகாட்டு அளவு, வருடச் சராசரி 1,000 நானோகிராம். நமது 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை, பாதரச ஆவிக்கு எட்டு மணி நேர வேலையில் 50,000 வரை இடம் கொடுத்தது. கேட்டுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஐம்பது! எட்டு மணி நேரம்தானே என்பார்கள். வாசலைத் தாண்டினதும் தொழிலாளியின் நுரையீரல் இரும்பாகிவிடுகிறதா?

நிலக்கரியிலும் பாதரசம் உண்டு. எரிக்கும்போது புகையோடு அது வெளியேறுகிறது. ஆகவே இது ஒரு மலையூரின் கவலை மட்டுமல்ல. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை 2018-இல் இந்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் ஏற்றது காற்றில் தெரிய வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை: பாதரசம் புழங்கும் ஆலைகளில் உள்ளேயும், வெளியே குடியிருப்புகளிலும் காற்றை அளக்க வேண்டும். அளக்கும்போது சங்கத்தின் பிரதிநிதி பக்கத்தில் நிற்க வேண்டும். கிடைத்த அளவைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். தொழிலாளியின் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை முடிவை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும்.

தோழர்களே, விஞ்ஞானம் கருவியைச் செய்து கொடுத்துவிட்டது. அதை ஆலை வாசலுக்குக் கொண்டுவருவது நம் ஒற்றுமையின் வேலை. நெல்லுக்கு முத்திரை மரக்கால் கேட்ட வர்க்கம், மூச்சுக்கும் கேட்கட்டும்!