தரவு மையங்களும் மின்சாரப் பாதுகாப்பும்

நியாய விலைக் கடையில் விரல் ரேகை பதித்து அரிசி பெறும் மூதாட்டி, தமக்கும் மின்சார ரிலேக்கும் தொடர்பு உண்டெனக் கருதமாட்டார். ஆயினும் அவரது ரேகையைச் சரிபார்க்கும் கணினி எங்கோ ஒரு தரவு மையத்தில் இயங்குகிறது. அங்கு மின்சாரம் நின்றால் இங்கு விநியோகமும் தடைப்படும். ஓய்வூதியம், வங்கிப் பரிமாற்றம், ரயில் முன்பதிவு ஆகியவற்றின் நிலையும் இதுவே.

தேசிய தகவலியல் மையம் தில்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் தேசியத் தரவு மையங்களை நடத்தி வருகிறது. 2022ஆம் ஆண்டில் தரவு மையங்கள் உள்கட்டமைப்புத் துறைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இதனால் நீண்டகாலக் கடன் பெறும் வழி எளிதாயிற்று. முதலீடு பெருகும் இவ்வேளையில், அம்முதலீட்டைக் காக்கும் ஏற்பாடுகளையும் சீர்தூக்கிப் பார்த்தல் அவசியமாகும்.

இருவகைக் கேடு

மின் அமைப்புக்கு நேரும் கேடுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று மிகைச்சுமை. கம்பி தாங்கக்கூடிய அளவினும் சற்றே கூடுதலாக மின்னோட்டம் பாய்ந்து, சிறிது சிறிதாகச் சூடேறுவது இது. மற்றொன்று குறுக்குச் சுற்று. இதில் மின்னோட்டம் பன்மடங்காகப் பெருகி, நொடியின் சிறு பகுதிக்குள் சேதம் விளைகிறது. முன்னதற்குச் சற்று அவகாசம் தரலாம். பின்னதற்கு அவகாசமே கூடாது. இவ்வேறுபாட்டைப் பிரித்தறிவதே பாதுகாப்புச் சாதனத்தின் கடமை.

2012 தந்த பாடம்

இவ்வேறுபாடு மறைந்தால் என்ன நேரும் என்பதை நாடு கண்டதுண்டு. 2012 ஜூலை 30 அன்று அதிகாலையில் வட மண்டல மின் தொகுப்பு முற்றிலும் செயலிழந்தது. மறுநாள் வட, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் வீழ்ந்தன. பீனா - குவாலியர் இடையிலான 400 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டதே தொடக்கம். அத்தடத்தில் பழுது ஏதுமில்லை. சுமை மிகுந்து மின்னழுத்தம் குறைந்த நிலையை ரிலே பழுதெனக் கொண்டு தடத்தைத் துண்டித்தது. அதன் சுமை பிற தடங்களின் மீது விழ, அவையும் அடுத்தடுத்துத் துண்டிக்கப்பட்டன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன.

இரு பாதைகளின் கணக்கு

நாடளாவிய மின் தொகுப்புக்குப் பொருந்தும் இவ்விதி ஒரு கட்டடத்திற்கும் பொருந்தும். தரவு மையங்களில் ஒவ்வொரு சர்வருக்கும் இரு தனிப் பாதைகளில் மின்சாரம் வழங்குவது வழக்கம். ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கும் என்பது எண்ணம். ஆனால் ஒவ்வொரு பாதையும் தன் திறனில் 60 சதவீதம் சுமந்துகொண்டிருந்தால், ஒன்று நின்றவுடன் மற்றதன் சுமை 120 சதவீதமாகிறது. சிறிது நேரத்தில் அதுவும் துண்டிக்கப்படுகிறது. மாற்றுப் பாதை இருந்தால் மட்டும் போதாது. அதில் இடமும் காலியாக இருத்தல் வேண்டும். புதிய சர்வர்கள் சேரச் சேர இந்த இடம் அறியாமலே கரைந்துவிடுகிறது.

பழுதுக்கு அருகில் உள்ளதே முதலில்

ஒரு சர்வர் அடுக்கில் குறுக்குச் சுற்று ஏற்பட்டால், அவ்வடுக்கின் சர்க்யூட் பிரேக்கர் மட்டுமே துண்டிக்க வேண்டும். முதன்மை பிரேக்கர் முந்திக்கொண்டால், ஓர் அடுக்கின் பழுது கூடம் முழுவதையும் நிறுத்திவிடும். ஆதலின் பிரேக்கர்களின் கால அளவுகளைப் படிப்படியாக ஒழுங்குபடுத்த வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வெளி மின்சாரம் வரும்போது குறுக்குச் சுற்றில் பெரும் மின்னோட்டம் பாய்வதால் பிரேக்கர் உடனே துண்டிக்கிறது. யூ.பி.எஸ். சாதனமோ, பாட்டரியிலிருந்து வழங்கும்போது மின்னோட்டத்தைத் தன் அளவின் இரண்டு மூன்று மடங்குக்குள் கட்டுப்படுத்திவிடக்கூடும். அது பிரேக்கரை இயக்கப் போதாமற் போகலாம். இரு நிலைகளுக்கும் கணக்கிட்டே பிரேக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காக்கும் சாதனமே கேடாதல்

2017 மே மாதம் லண்டனில் ஒரு விமான நிறுவனத்தின் தரவு மையத்தில் மின்சாரம் நின்று, பின்னர் கட்டுப்பாடின்றித் திரும்பியதால் கருவிகள் சேதமுற்றன. சுமார் 75,000 பயணிகள் அவதியுற்றனர். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில், அரசுத் தரவு மையத்தின் லித்தியம் பாட்டரிகளில் தீ மூண்டது. 600-க்கும் மேற்பட்ட அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. வேறிடத்தில் நகல் இல்லாத அலுவலர் கோப்புகள் அழிந்தன.

செய்ய வேண்டுவன

ஜெனரேட்டரும் பாட்டரியும் வாங்குவதற்கு ஒப்புதல் பெறுதல் எளிது. ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவே முதலில் வெட்டுக்குள்ளாகிறது. ஆனால் ரிலே அளவுகளைச் சரிபார்த்தல், பிரேக்கர்களைச் சோதித்தல், நிலத்தொடர்பை அளத்தல், சுமை கூடும்போதெல்லாம் பாதைகளின் கணக்கை மீண்டும் போடுதல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, கருவிகளின் விலையோடு ஒப்பிடச் சிறிதேயாம். பாட்டரிகளைச் சர்வர்களிடமிருந்து தனியே வைத்தலும், நகலைப் பிறிதோர் ஊரில் பேணுதலும் இன்றியமையாதவை.

இச்சிறு செலவைத் தவிர்ப்பதனால் வரும் இழப்பு தரவு மையத்தின் கணக்கில் முழுமையாகத் தோன்றுவதில்லை. வெறும் பையுடன் கடையிலிருந்து திரும்பும் மூதாட்டியே அதன் ஒரு பகுதியைச் சுமக்கிறார். மின்சாரப் பாதுகாப்புக்கான ஒதுக்கீட்டைத் தீர்மானிப்போர் அவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுதல் முறையாகும்.