ஊருக்கும் ஒரு கொடி
(தோட்டப்புற மக்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் தோட்ட அலுவலகத்தின் முன்னும் தமிழ்ப்பள்ளித் திடலிலும் தேசியக் கொடி பறக்கிறது. அதனருகே சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் கொடியும் பறக்கிறது. இவ்விரண்டையும் நம் பிள்ளைகள் நன்கு அறிவர். மூன்றாவது கொடி ஒன்று உண்டு. கிள்ளானுக்குச் சாமான் வாங்கச் செல்லும்போதும், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் உறவினரைக் காணச் செல்லும்போதும் நகர் மன்றக் கட்டடங்களின் முன்னே அது நம் கண்ணில் படுகிறது, கருத்தில் படுவதில்லை. அதுவே நகரத்தின் கொடி.

"நாட்டுக்குக் கொடி வேண்டும், சரி. ஊருக்கு எதற்கய்யா கொடி?" என்று ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெரியவரின் தோட்டத்து முருகன் கோயிலில் திருவிழா தொடங்குவதே கொடியேற்றத்தோடுதானே? சேவல் எழுதிய கொடியைக் கண்டால், அது யாருடைய கொடி என்று நமக்கு எவரும் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரே ஓர் உருவம். எட்ட நின்று பார்த்தாலும் விளங்கும். கொடிக்கலையின் முதற்பாடம் இதுதான். இதை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தனர்.

ஒரு கொடி எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு வேறெங்கும் செல்ல வேண்டா. நம் தேசியக் கொடியின் வரலாறே போதும். 1949ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசுக்குக் கொடி வரைய வேண்டிப் பொதுப் போட்டி அறிவிக்கப்பட்டது. 373 படங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் மூன்றைத் தேர்வுக் குழு பொறுக்கி எடுத்தது. இரண்டில் கிரிஸ் கத்திகள் குறுக்காக நின்றன. மூன்றாவதில் 11 கோடுகளும் பிறையும் விண்மீனும் இருந்தன. இம்மூன்றையும் 'மலாய் மெயில்' நாளிதழ் வாசகர் முன் வைத்து வாக்கெடுத்தது. மூன்றாவது படமே மிகுதியான வாக்குகளைப் பெற்றது.

அதை வரைந்தவர் யார்? அரச குடும்பத்தவரா, சீமையில் கலை பயின்ற ஓவியரா? அல்லர். ஜொகூர் பாருவில் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய 29 வயது இளைஞர் முகமது ஹம்சா. கட்டடப் படம் வரைந்து சம்பளம் பெற்ற அரசாங்க ஊழியர். அன்றைய ஜொகூர் மந்திரி பெசார் டத்தோ ஓன் ஜாபார் அவருடன் கலந்து பேசிச் சில திருத்தங்களைச் சொன்னார். ஐந்து முனை கொண்டிருந்த விண்மீன், 11 மாநிலங்களுக்கும் ஒவ்வொரு முனையாக, 11 முனை பெற்றது. 1950 மே 26ஆம் நாள் கோலாலம்பூரில் சிலாங்கூர் சுல்தானின் அரண்மனை முன்றிலில் அக்கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. 1963இல் மலேசியா மலர்ந்தபோது கோடுகளும் முனைகளும் பதினான்காயின. 1965இல் சிங்கப்பூர் பிரிந்த பின்னரும் பதினான்காகவே நின்றன. பதினான்காவது இன்று கூட்டரசைக் குறிக்கிறது. 'ஜாலோர் கெமிலாங்' என்ற பெயர் 1997இல்தான் சூட்டப்பட்டது. அதைக் காண வரைந்தவர் உயிரோடில்லை.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது, ஒருவர் வரைந்தார், பலர் தேர்ந்தனர், பெரியோர் திருத்தினர், அதன் பிறகே அரசு ஏற்றது என்ற அந்த வரிசையை. நகரங்களுக்கும் இதே வழிதான் நல்ல வழி.

கோலாலம்பூருக்கு வருவோம். 1890 மே 14ஆம் நாள் அங்கே சுகாதார வாரியம் அமைந்தது. குப்பை அள்ளுதல், கால்வாய் வெட்டுதல், தெருவிளக்கு ஏற்றுதல் இவையே அன்று நகராட்சி. 1972 பிப்ரவரி 1இல் அது மாநகரமாயிற்று. 1974இல் அதே நாளில் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. வாரியம் தொடங்கி நூறாண்டு நிறைந்த 1990 மே 14 அன்று புதிய கொடியும் நகரப் பாடலும் அறிமுகமாயின. நடுவில் நீலம், அதில் மஞ்சள் பிறையும் விண்மீனும், மேலும் கீழும் சிவப்பு வெள்ளைக் கோடுகள். தேசியக் கொடியின் பிள்ளை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். அழகான கொடியே. எனினும் காற்றில்லாத நாளில் இரண்டும் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தால் தாய் எது, பிள்ளை எது என்று சொல்வது சற்றுக் கடினம்!

பழைய கூட்டு மலாய் மாநிலங்களின் கொடி இவ்வகையில் கெட்டிக்காரத்தனமானது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்தபோது வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பட்டைகளை அடுக்கினர். நடுவில் பாயும் புலியை வைத்தனர். எந்த மாநிலத்தவரும் தம் நிறத்தை அதில் காணலாம்.

நகரக் கொடி தவறிப்போவதும் உண்டு. அமெரிக்காவில் பொகட்டெல்லோ என்றொரு சிறு நகரம். அதன் கொடியில் விளம்பர வாசகமும், வணிக முத்திரைக்குரிய குறியும்கூட அச்சிடப்பட்டிருந்தன. 2004இல் கொடி ஆய்வாளர் சங்கம் ஒன்று 150 நகரக் கொடிகளைத் தரம் பிரித்தபோது இதற்குக் கடைசி இடம் கிடைத்தது. ஊரார் வெட்கினர். குழு அமைத்தனர்; பொதுமக்களிடம் படம் கேட்டனர்; 2017இல் மலைச்சிகரங்களும் ஆற்றைக் குறிக்கும் நீலக் கோடும் கொண்ட புதிய கொடியை ஏற்றனர். எழுத்து ஒன்றுமில்லை.

அலாஸ்காவின் கதை இதைவிட இனிது. 1927இல் அங்கு மாணவரிடையே கொடிப் போட்டி நடந்தது. பென்னி பென்சன் என்ற சிறுவன், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தில் வளர்ந்தவன், நீல வானத்தில் எழுமீன் மண்டலத்தையும் துருவ விண்மீனையும் வரைந்து அனுப்பினான். அவன் இரவில் அண்ணாந்து பார்த்த வானம் அது. இன்றும் அலாஸ்காவின் கொடி அதுவே. தோட்டப்புறப் பிள்ளை எதை வரையப் போகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதற்கு இந்தச் சிறுவனே காரணம்.

நம் நாட்டு மாநிலக் கொடிகளையும் சின்னங்களையும் சற்றுக் கூர்ந்து பாருங்கள். பினாங்குக் கொடியில் பாக்குமரம் நிற்கிறது. கெடாக் கொடியில் நெற்கதிர் இருக்கிறது. ஜொகூர் மாநிலச் சின்னத்தில் மிளகும் காம்பீர் இலையும் உள்ளன. ஒரு காலத்தில் அந்த மண்ணை வளமாக்கிய பயிர்கள் அவை. பாக்குக்கு இடம் உண்டு, நெல்லுக்கு உண்டு, மிளகுக்கும் உண்டு. இருள் பிரியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் நின்று, நிரை நிரையாக நாம் வெட்டிய பால்மரம்? எந்த மாநிலக் கொடியிலும் அது இல்லை.

இதை வருத்தத்தோடு சொல்கிறோமேயன்றிக் குறையாகச் சொல்லவில்லை. கொடிகள் பிறந்த காலத்தில் அவ்வாறு கேட்க எவரும் இல்லை போலும். ஆனால் நகரங்களோ இன்னும் பிறந்துகொண்டிருக்கின்றன. பெட்டாலிங் ஜெயா எழுந்த இடம் எஃபிங்ஹாம் தோட்டம். சுபாங் ஜெயா எழுந்த இடம் சீபீல்டு தோட்டம். ஷா ஆலாம் எழுந்த இடத்திலும் தோட்டங்களே இருந்தன. இன்று அவை மூன்றும் மாநகரங்கள். கிள்ளானும் 2024 பிப்ரவரி 5ஆம் நாள் அரச மாநகரமாக அறிவிக்கப்பெற்றது. லயங்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. தோட்டத்தின் பெயரைச் சொல்லும் பெயர்ப்பலகை பல இடங்களில் மிஞ்சவில்லை. கோயிலும் பள்ளியும் இடம் மாறிய கதைகளை நீங்களே அறிவீர்கள். பிரிக்பீல்ட்ஸ் தன் பெயரிலாவது பழைய செங்கற்சூளையைக் காத்து வைத்திருக்கிறது. 1881இல் நெருப்பும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடில்களை அழித்த பின்னர், செங்கல்லால் கட்டுங்கள் என்று ஆணை பிறந்ததால் பெருகிய சூளைகள் அவை. நம் தோட்டங்களுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. ஆதலின் புதிய நகரமோ மாவட்ட மன்றமோ சின்னம் தேடும்போது, அந்த மண்ணில் நின்ற மரத்தை நினைவூட்ட நாம் அங்கே இருக்க வேண்டும்.

எதை வரைவது? முழு மரத்தை வரைய வேண்டா. எட்ட நின்றால் அது எந்த மரமும் ஆகும். பால்மரத்து இலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காம்பில் மூன்று இலைகள். காயை உடைத்தால் பெரும்பாலும் மூன்று கொட்டைகள். மேடைப் பேச்சாளர் எவராவது இவை மூன்று இனங்களைக் குறிக்கும் என்று உடனே விளக்கம் சொல்வார். அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். இன்னும் எளிது ஒன்று உண்டு. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்கும் வெட்டுக்கோடு. கரும்பச்சைத் துணியில் குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை. பால் வெட்டியவன் பேரனுக்கு அதை விளக்க ஒரு சொல் போதும். மங்கையும் உளியையும் சேர்க்க ஆசை வரும்; சேர்த்தால் படம் நிறையும், கொடி கெடும்.

நிறம் இரண்டு அல்லது மூன்று போதும். எழுத்து வேண்டா; கொடியின் பின்பக்கத்தில் அது இடவலம் மாறித் தெரியும். தேசியச் சின்னங்களையும் அரச சின்னங்களையும் நம் விருப்பப்படி எடுத்தாளக் கூடாது. 1963ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் அதைத் தடுக்கிறது. மஞ்சளைத் தாராளமாகப் பூசுமுன் அது அரசருக்குரிய நிறம் என்பதையும் நினைவில் கொள்க.

படத்தை எங்கே கொடுப்பது என்று கேட்பீர்கள். போட்டி அறிவிக்கப்பட்டால் அறிவிப்புப் பலகையிலும் நாளிதழிலும் வரும்; தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லி வையுங்கள். போட்டி இல்லாவிட்டாலும் நகர் மன்றத்துக்கு மனு எழுதலாம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. தனியே நடத்த மன்றம் தீர்மானித்தாலன்றி, நாம் சென்று அமர்ந்து கேட்கலாம். தனியாகப் போகத் தயக்கமாயின் தொழிற்சங்கக் கிளைத் தலைவரையோ கோயில் நிருவாகத்தினரையோ உடன் அழைத்துச் செல்க. உறுப்பினர் ஒருவரிடம் படத்தை நேரில் கொடுத்துவிட்டால், அது கோப்பில் ஏறும்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். படத்தைப் பழைய துணியில் பெரிதாக வெட்டித் தைத்து, லயத்து வேலிக் கம்பியில் கட்டுங்கள். பிள்ளைகளை அடுத்த லயத்துக் கோடிக்கு அனுப்பி, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று கூவச் சொல்லுங்கள். "இலை" என்றோ "வெட்டு" என்றோ கூவினால் அந்தத் துணியை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். "என்னவோ ஆடுது" என்று கூவினால், கத்தரிக்கோலை மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.